கையில் பூவோ, காசோ

ஜூன் 3, திங்கள்

சென்னையில் ஒரு ஆவணக் காப்பகத்திலிருந்து அபிதா என்ற பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓவியர் தனுஷ்கோடி வீடு எது என்று மூன்று பேரிடம் கேட்டாளாம். மூவரும் மூன்று திசை காட்டியிருக்கிறார்கள். சிவகாசியில் காலண்டர் தெரியாதவர் கிடையாது, அதை வரைந்தவர் வீடுதான் யாருக்கும் தெரியாது.

அப்பாவின் வண்ணப் படங்கள் அவளுக்கு வேண்டாம். அதெல்லாம் அச்சாகி ஊர் ஊராகத் தொங்கியாயிற்று. அவற்றுக்கு முன்னால் பென்சிலில் போட்டுப் பார்த்த உருவங்கள்தான் வேண்டுமாம். மூன்று டிரங்குப் பெட்டிகளையும் திறந்து காட்டினேன். மேலே கிடந்த நாலைந்து தாளைப் புரட்டியவள் திகைத்துப் போனாள். உடம்பு இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, ஒன்றிலும் முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் தாள் வெளுத்து, தேய்ந்து, திப்பி திப்பியாக நார் எழும்பியிருக்கிறது.

அது அப்பாவின் முறை என்று விளக்கினேன். அவர் ஆளை உட்காரவைத்து வரைகிறவர் அல்ல. தெருவில், குழாயடியில், வீட்டில் கண்ணில் படுகிறவர்களை அவர்களுக்குத் தெரியாமலே வரைவார். முகத்தோடுதான் வரைவார். முகம் இல்லாவிட்டால் கழுத்து நிற்காது என்பார். சேலை, கொண்டை, நகை எல்லாம் சாமிக்கு ஏற்றபடி அப்போதே மாற்றிவிடுவார். ஆனால் தாள் அச்சக முதலாளியிடம் போகுமுன் முகத்தை அழித்துவிட வேண்டும். கும்பிடுகிற படத்தில் தெரிந்த முகம் இருக்கக் கூடாது. முன்பு ஒரு பார்வதியின் முகத்தில் பக்கத்துத் தெருப் பெண்ணைக் கண்டுபிடித்து, அவள் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்றதிலிருந்து இந்த ஏற்பாடு. சாமியின் முகத்தைக் கடைசியில் மனதிலிருந்து போட்டுக்கொள்வார்.

யார் அழிப்பார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன், பதினாலு வயதிலிருந்து இருபத்தொன்று வரை.

பெட்டிகளை எடுத்துப்போக ஜூலை 8 அன்று வண்டி வருகிறது. அதற்குள் நான் ஒரு பட்டியல் எழுத வேண்டும். எண், அளவு, எந்தச் சாமிக்காக, வரையப்பட்டவர் யார், தாளின் நிலை. கிளை நூலகத்தில் முப்பத்தோரு வருடம் வேறென்ன செய்தேன். தாளைத் தொடுவதற்கு வெள்ளை நூல் கையுறை இரண்டு ஜோடி கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

முதல் பெட்டி. ஐம்பத்திரண்டு தாள். முகம் இல்லாவிட்டால் என்ன, எனக்கு ஆள் தெரிகிறது. சரஸ்வதி வீணையை அணைத்திருக்கும் கை, எதிர்வீட்டு மாடத்தி அக்கா சுளகு பிடித்துப் புடைக்கிற கை. முருகன் வேலை ஊன்றி நிற்பது, சாத்தூர் பஸ் கண்டக்டர் கம்பியைப் பிடித்து நின்றது. நடராஜரின் தூக்கிய காலுக்கு மட்டும் ஆள் பிடிபடவில்லை. இந்த ஊரில் அப்படி யார் காலைத் தூக்கினார்களோ.

அம்மா மூன்று தாளில் இருக்கிறாள், மூன்றிலும் அன்னபூரணி. கையில் கரண்டி நிஜமாகவே எங்கள் வீட்டுக் கரண்டி. தங்கை ராஜகனி ஏழு தாளில் இருக்கிறாள். ஆண்டாள், வள்ளி, மறுபடி ஆண்டாள். அவள் அழகி. எல்லோரும் சொல்வார்கள்.

நான் இல்லை. அது தெரிந்த விஷயம்தான். என்னை ஏன் வரையவில்லை என்று அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. அறுபத்தொரு வயதில் அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

ஜூன் 6, வியாழன்

கம்மல் திருகு தொலைந்துவிட்டது. காது மடல் கன்னத்தோடு ஒட்டிப் பிறந்தவளுக்குத் தோடு மாட்டுவதே பெரும்பாடு, இதில் திருகு வேறு. பதினெட்டுத் தாள் முடிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

ராஜகனி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். ஞாயிறு பதினொரு மணிக்குப் போன் அடித்தால் அவள்தான். வேறு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. சிலிண்டர் போடுகிறவர்கூட இப்போது மெசேஜ் அனுப்பிவிடுகிறார். பேரன் பேசினதைச் சொல்வாள், மருமகள் பேசாததைச் சொல்வாள், முக்கால் மணி நேரம் ஓடும். அதன் பிறகு அடுத்த ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டில் குக்கர் விசில்தான் குரல்.

அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எங்களுக்குள் வழக்கம். அம்மா இறந்த 2009-க்குப் பிறகு அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை. இந்தத் தை மாதம் அப்பா போனபோதும் வரவில்லை. கொள்ளி வைக்கப் பெரியப்பா மகனைத்தான் கூப்பிட்டோம். இன்று பெட்டியைத் திறந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது.

"அந்தப் பொம்பளை படமும் இருக்காக்கா?"

இருக்கும் என்றேன்.

"யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. உசுரோட இருந்தா நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

எனக்கும் அது தெரிய வேண்டும். பட்டியலில் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டாவது பெட்டியில் அவள் இருந்தாள். பழைய வேட்டித் துணியில் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறார். முப்பத்தெட்டுத் தாள். எல்லாம் லட்சுமிக்கு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வலப் பக்கமாகச் சற்றுப் பின்னாலிருந்து வரைந்தது. முதலில் பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே கோடு, தாளைத் தொட்டும் தொடாமலும். அதன் மேல்தான் எல்லாம் ஏறியிருக்கிறது. தோளை ஒருமுறை போட்டு, போதாமல் சற்றுக் கீழே இன்னொருமுறை, அதற்கும் கீழே மூன்றாம் முறை. மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறார். தோள் களைத்துப் போய் மெல்ல இறங்கியதைக் கூடவே இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது. மற்றவர்களை நாலு கோட்டில் முடித்தவர் இவளுடைய முழங்கை மடிப்புக்கே இருபது கோடு போட்டிருக்கிறார்.

முகம் இல்லை. நான் அழித்தது. ஆனால் அழிக்கும்போது நான் காதுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன், அதனால் காது மிஞ்சியிருக்கிறது. மடல் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. அதற்குள் நிழலைக்கூட விடவில்லை மனிதர். இவ்வளவு பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எரிச்சலாக வருகிறது.

வலது கை தாழ்ந்து, கட்டைவிரலும் இரு விரலும் சேர்ந்து எதையோ பிடித்திருக்கின்றன. நகத்தளவு பொருள். லட்சுமியின் கை என்பதால் பட்டியலில் இப்படி எழுதினேன்: "கையில் பூவோ, காசோ. தெளிவில்லை." வரையப்பட்டவர்: பெயர் தெரியவில்லை.

ஒரு தாள் மட்டும் முகம் இருந்த இடத்தில் கிழிந்து ஓட்டையாகியிருக்கிறது. பின்பக்கம் மைதா பசை போட்டு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார். ஒட்டின இடத்தில் எதுவும் வரையவில்லை.

ஜூன் 12, புதன்

இவளைப் பற்றி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலைப் படிக்கிறவர்களுக்கு ஏன் இவ்வளவு தாள் என்று புரியாது. பட்டியலில் எழுத முடியாது, இங்கே எழுதுகிறேன்.

1984, ஆனி மாதம். ஆடிப்பெருக்கு அன்று அச்சகக்காரர்கள் அடுத்த வருடக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போடுவார்கள், அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் ஆனி மாதம் யாரும் யாரோடும் பேச மாட்டோம். அந்த ஆனியில் தொடங்கின பேச்சில்லாமை பிறகு முடியவே இல்லை. அப்பா ஒரு பொம்பளையையே திரும்பத் திரும்ப வரைகிறார் என்பது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. அப்பாவோடு பேசுவதை மட்டும் நிறுத்தினாள். இருபத்தைந்து வருடம், சாகிறவரை. சோறு வைத்திருக்கிறது என்றால் தூணைப் பார்த்துச் சொல்வாள். தூண் பதில் சொல்லாது, ஆகவே நடுவில் நான். "சாப்பிட வாங்கப்பா." "குழம்பு நல்லாருக்குங்கிறாரும்மா." குழம்பு நன்றாக இருக்கிறது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

ராஜகனிக்கு அப்போது பதினைந்து. அவளும் அம்மாவோடு சேர்ந்து பேச்சை விட்டாள். கல்யாணத்தன்று அப்பா காலில் விழுந்தபோதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டு நிலைமையைக் கேள்விப்பட்டுத் திரும்பினார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் ஆள் வேண்டியிருந்தது.

ஜூன் 14, வெள்ளி

மாடத்தி அக்காவைப் பார்க்கப் போனேன். எண்பத்துநாலு வயது. கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை தீப்பெட்டி ஒட்டுவாள். அப்பாவின் அறைக்கு வந்துபோன பெண் யார் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, உங்க வீட்டுக்கு எந்தப் பொம்பளை வந்தா? ஒரு ஈ உள்ள போனாலும் எனக்குத் தெரியாமப் போகாது. உங்க ஆத்தாளும் நீங்க ரெண்டு பேரும்தான் அந்த நிலைப்படியத் தாண்டுன பொம்பளைக."

பாவம், ஞாபகம் போய்விட்டது. வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

ராஜகனி. மாடத்தி அக்காவுக்கு ஒன்றும் நினைவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாவது பெட்டி, எல்லாம் 84-க்குப் பிறகு வரைந்தவை. ஒன்று கவனித்தேன். 84-க்கு முன் இருந்த லட்சுமிகள் குனிந்த பார்வை, முகம் அழிந்திருந்தாலும் கழுத்தின் சாய்வில் தெரிகிறது. அதற்குப் பிறகு அப்பா வரைந்த லட்சுமிகள் எல்லோரும் நேரே பார்க்கிறார்கள். ஒருத்திகூடக் குனியவில்லை. அவள் வருவதை நிறுத்திவிட்டாள் போல.

ஜூன் 19, புதன்

அபிதா மறுபடி வந்தாள், பட்டியல் எப்படிப் போகிறது என்று பார்க்க. என் கையெழுத்தைப் புகழ்ந்தாள். பிறகு முப்பத்தெட்டையும் கேட்டாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கவைத்துப் பிடித்தாள். அழித்த இடத்தில் முகம் வந்தது. கரி போய்விட்டாலும் பென்சில் அழுத்தின பள்ளம் போகாதாம். சாய்வாக வெளிச்சம் விழுந்தால் பள்ளத்தில் நிழல் நிற்கும். நெற்றி, தாழ்ந்த இமை, மூக்கு, மூடிய உதடு. நாற்பது வருடத்துக்கு முன் நான் அழித்த அதே பெண். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளை எனக்கு அப்போதே பிடிக்காது.

அபிதா வெகு நேரம் பார்த்தாள். நான் எப்படி உட்கார்ந்து அழிப்பேன் என்று செய்து காட்டச் சொன்னாள். அறையில் என் இடத்தில் தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக் காட்டினேன். அப்பா அவருடைய ஸ்டூலில் இருப்பார், வடக்கு ஜன்னல் ஓரமாக, எனக்குப் பின்னால், வலப் பக்கம். அவள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரப்பரை எப்படிப் பிடிப்பேன் என்று கேட்டாள். கண் ஓரத்தில் அழிப்பதற்காக அப்பா பிளேடால் நகத்தளவு நறுக்கித் தருவார் என்று சொல்லி விரலைக் காட்டினேன்.

திரும்பியபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை ஏதும் விலகியிருக்கிறதோ என்று சரிசெய்துகொண்டேன்.

"அம்மா, இவங்க யாருன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேனா என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவள் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பட்டியல் தயாரித்தவர் படம் ஒன்று காப்பகத்துக்கு வேண்டும், அப்படியே குனிந்து இருங்கள் என்று ஸ்டூலில் இருந்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஜூன் 20, வியாழன்

கிழிந்த தாளைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று.

அப்பா ஒருநாள் வழக்கம்போல் பத்துத் தாளை அடுக்கித் தந்துவிட்டு, ஒன்றை மட்டும் தனியே பலகையில் வைத்தார். "இதை மட்டும் அழிக்காண்டாம். இது முதலாளிக்கு இல்லை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் போகாமல் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி நின்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பெண்தான். ஏழு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கை வலிக்க அழித்தவளை ஒரு கோடு வரையவில்லை. இவளுக்கு முப்பத்தெட்டுத் தாள், அதில் ஒன்றை அழிக்கவும் கூடாது. நான் ரப்பரை எடுத்தேன். தாள் கிழிகிறவரை அழித்தேன்.

அவர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "சரி" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். அதோடு எனக்கு அழிக்கிற வேலையும் போயிற்று. பிறகு அவரே அழித்துக்கொண்டார்.

ஜூன் 21, வெள்ளி

அபிதா போட்டோ அனுப்பியிருக்கிறாள். பார்த்தேன்.

ஜூன் 22, சனி

பரணில் இருந்த பழைய பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். ஈயம் போன குத்துப்போணியைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம். கொசுவலையில் இரண்டு இடத்தில் ஓட்டை, தைத்தேன். கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன். பட்டியல் எழுதவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ராஜகனி கூப்பிட்டாள். அடுப்பில் வேலையாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

அது நான்.

போட்டோவைப் பார்த்ததுமே தெரிந்தது. நரை முடி, கழுத்தில் சுருக்கம், மற்றபடி அதே இமை, அதே மூக்கு, ஒட்டிப்போன அதே காது. நம்பாமல் பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கழுத்து வலிக்கிறவரை பார்த்தேன். என் பக்கவாட்டு முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது நிலையில் ஆணி அடித்து மாட்டின ஒரே கண்ணாடி, பொட்டு வைக்கிற அளவுக்கு. நேர் முகம் மட்டும்தான் தெரியும். எனக்கு அப்போது இரட்டைச் சடை, தாவணி. அவளுக்குக் கொண்டை, பட்டுச்சேலை, ஒட்டியாணம். சாமிக்கு ஏற்றபடி மாற்றிவிடுவார் என்று அபிதாவுக்கு நான்தான் விளக்கினேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் முழங்கையை வைத்துக் கண்டுபிடித்தவளுக்குத் தன்னைத் தெரியவில்லை.

கையில் இருந்தது பூவும் இல்லை, காசும் இல்லை. ரப்பர். நான் என் முகத்தை அழித்துக்கொண்டிருப்பதைத்தான் அவர் வரைந்துகொண்டிருந்திருக்கிறார்.

அழிப்பதற்கு அவருக்கு ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் போதும், நான் ஒரு மணி நேரம் எடுப்பேன். ஏன் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார் என்று இப்போது தெரிகிறது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவள் வேறு யார் கிடைப்பார்கள். பேசத் தெரியாத மனிதர். கடைசியில் ஒன்றைக் கொடுத்து, இதை அழிக்காதே என்றார். நான் அதைக் கிழித்துக் கொடுத்தேன். தன்னை வரைவது மகளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவர் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று 12-ம் தேதி எழுதியிருக்கிறேன். எப்படியோ இல்லை. தாள் கிழிந்த மறுநாள் அம்மா அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் போய்ச் சொன்னேன், அப்பா யாரோ ஒரு பொம்பளையையே வரைகிறார் என்று. எத்தனை படம் என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். எண்ணி வைத்திருந்தேன். அம்மா அந்த அறைக்குள் போய் ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மகள் பொய் சொல்ல மாட்டாள் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 27, வியாழன்

அம்மா அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அப்பாவிடம் அவள் பேசின கடைசிப் பேச்சு அதுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"யாரை வரையுதீக?"

"வீட்டில இருக்கிறதைத்தான் வரையுதேன்" என்றார்.

திமிர் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டதற்கு அவர் நேராகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 29, சனி

ராஜகனியிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். அம்மா இல்லை, அப்பா இல்லை, யாருக்கு என்ன நஷ்டம். பெயர் தெரியவில்லை என்றே பட்டியல் போகட்டும். அபிதா காட்டிக்கொடுக்கிற பெண் இல்லை. சொன்னால் ஞாயிறு பதினொரு மணியும் போய்விடும். அதைவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

ஆனால் அவள் இன்னும் அந்தப் பொம்பளையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் அவளிடம்தான் பேசிக்கொண்டும் இருக்கிறாள்.

ஜூன் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அது நான்தான் கனி என்றதும் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். போட்டோவையும், டார்ச் பிடித்து நான் எடுத்த தாளின் படத்தையும் அனுப்பியிருந்தேன், பார்க்கச் சொன்னேன். ரப்பரைச் சொன்னேன், கிழித்ததைச் சொன்னேன், மொச்சை உரித்துக்கொண்டிருந்ததுவரை எதையும் விடவில்லை. அவள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அம்மாகிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமா."



"அப்பா கல்யாணத்தன்னிக்கு என் தலையில கை வச்சாரு. நான் தலையை இழுத்துக்கிட்டேன்க்கா."

போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

முப்பத்தெட்டுத் தாளுக்கும் கட்டத்தைத் திருத்தினேன். வரையப்பட்டவர்: த. தங்கபுஷ்பம், மூத்த மகள். கையில்: ரப்பர். முப்பத்தெட்டு முறை என் பெயரை எழுதிக் கை வலித்தது. வாழ்க்கையில் இத்தனை முறை என் பெயரைச் சம்பளப் பதிவேட்டில்தான் எழுதியிருக்கிறேன்.

கிழிந்த தாளுக்கு நிலை என்ற கட்டத்தில்: "முகம் கிழிந்துள்ளது. கிழித்தவர், வரையப்பட்டவரே."

ஜூலை 7, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

வண்டி வந்தது. அபிதா பட்டியலை நின்றபடியே படித்தாள். அந்தப் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கையுறையோடு. அவளுக்கு முன்பே தெரியும், சொல்ல மனம் வரவில்லையாம். ஒரு தாளை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் அம்மா என்றாள். வேண்டாம் என்றேன். என் கையில் தாள் கிடைத்தால் நான் என்ன செய்வேன் என்று அப்பாவுக்குத் தெரியும்.

மூன்று பெட்டியும் போன பிறகு அறையில் ஸ்டூல் மட்டும் இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

இன்றும் வரவில்லை. பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்தது. இருபத்தைந்து வருடம் என்றால் எனக்கு எண்பத்தாறு ஆகும்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடிக் காற்று. கதவுகள் அடித்துக்கொள்கின்றன, கொக்கி போட்டேன். பருப்பை வேகவைத்து இறக்கினேன்.

பத்தரை மணிக்கு அப்பாவின் அறையில் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பலகையை மடியில் வைத்து, வெள்ளைத்தாள் ஒன்றைப் போட்டு, பெட்டிக்கடையில் வாங்கின ரப்பரை பிளேடால் நகத்தளவு நறுக்கிக்கொண்டேன். அழிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சும்மா குனிந்து தேய்த்தேன். பின்னால், வலப் பக்கம், ஜன்னலோரத்தில் ஸ்டூல் இருக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். தோள் மெல்ல இறங்குவது தெரிந்தது. அவர் மூன்று கோடு போட்ட இடம்.

பதினொன்று ஐந்துக்கு அடுக்களையில் போன் அடித்தது. அந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. ஆனாலும் வரைகிறவர் அந்தக் காதையாவது முடிக்கட்டும் என்று, போன் இன்னும் இரண்டு முறை அடிக்கும்வரை குனிந்தே இருந்தேன்.